ரோபோவுக்கு ஸ்பான்சர் உண்டு, மென்பொருளுக்கு?

'ஷஃபிள்போர்டு' என்று ஒரு மென்பொருள். அமெரிக்காவில் தொடங்கிய பள்ளி மாணவர் ரோபோ போட்டி ஒன்றில், ரோபோவை ஓட்டுபவர் முன்னால் ஒரு மடிக்கணினி இருக்கும். பேட்டரி எவ்வளவு மிச்சம், ரோபோவின் கை எந்த உயரத்தில் நிற்கிறது, கேமராவுக்கு என்ன தெரிகிறது என்பதையெல்லாம் அந்தத் திரையில் காட்டுவதுதான் ஷஃபிள்போர்டின் வேலை. 2018 சீசனுக்கு அறிமுகமானது. 2027 சீசனுக்கான அதிகாரபூர்வ மென்பொருள் தொகுப்பிலிருந்து அதை எடுத்துவிடப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை: பராமரிக்க ஆள் இல்லை.

பயன்படுத்த ஆளில்லாமல் அது மூடப்படவில்லை. காசு புழங்காத இடத்திலும் அது இல்லை. டீன் கேமன் 1989-இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷைரில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளை வைத்து முதல் போட்டியை நடத்தியது. 'எஃப்.ஆர்.சி.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் போட்டியில் இன்று 3,000-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஓர் அணியின் ஒரு வருட நுழைவுக் கட்டணமே 6,000 டாலரை ஒட்டி வரும். மோட்டார், அலுமினியம், பயணம், ஓட்டல் அறை எல்லாம் அதற்கு மேல்.

இந்தச் செலவுக்கு ஸ்பான்சர் பிடிப்பதே ஒரு கலை. நாசாவிலிருந்து உள்ளூர் ஹார்டுவேர் கடைவரை பலர் கொடுக்கிறார்கள். கொடுத்தவர்களின் பெயரெல்லாம் ரோபோவின் மேலும் மாணவர்களின் டி-ஷர்ட் முதுகிலும் வந்துவிடும். நம்மூர்க் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அதேதான். டியூப் லைட்டுக்கு உபயதாரர் வரிசையில் நிற்பார்; சுவருக்குள் ஓடும் வயரிங்கை உபயம் செய்ய யாரும் முன்வந்து நான் பார்த்ததில்லை.

எஃப்.ஆர்.சி.யில் அந்த வயரிங்கின் பெயர் 'டபிள்யூபிஐலிப்'. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட்டின் பெயரைத் தாங்கிய திறந்த மூல மென்பொருள் தொகுப்பு. மோட்டாரை இந்த வேகத்தில் சுற்று என்று ஒரு மாணவி ஒரு வரி எழுதுகிறாள் என்றால், அந்த வரிக்குக் கீழே நடப்பது முழுக்க இந்தத் தொகுப்பின் பொறுப்பு. ரோபோவின் நிரல் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 தடவை, சென்சார்களைப் படித்து மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பும். அணிகள் இன்னும் வைத்திருக்கும் பழைய 'ரோபோரியோ' கணினியில் இருப்பது 256 எம்.பி. நினைவகம். நம் சட்டைப்பையில் இருக்கும் மலிவான கைப்பேசியில்கூட அதைப்போலப் பல மடங்கு உண்டு. அதற்குள் ஜாவா ஓட வேண்டும், சி++ ஓட வேண்டும், 2024-இலிருந்து பைத்தானும் ஓட வேண்டும். அந்த பைத்தான் வந்த கதையே தனி. 'ரோபோட்பை' என்ற பெயரில் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் வெளியிலிருந்து வளர்த்ததைத்தான் பின்னால் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எழுதுபவர்கள் யார்? ஒரு காலத்தில் அணிகளில் இருந்து, இப்போது எங்கோ வேலையில் இருக்கும் பொறியாளர்கள், அணிகளுக்கு வழிகாட்டும் பெற்றோர், கல்லூரி மாணவர்கள், சில சமயம் பள்ளி மாணவர்களே. ஃபர்ஸ்ட் அமைப்பின் ஊழியர்களும் அந்தக் கல்லூரியும் உதவுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்காருபவர்களை நம்பித்தான் இது ஓடுகிறது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். களத்தில் ரோபோ தான் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள 'ஏப்ரல்டேக்' என்ற கறுப்பு வெள்ளைச் சதுர அட்டைகளை ஆங்காங்கே ஒட்டுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பிறந்தது இந்த முறை. 2023 ஆட்டத்தில் 8 அட்டைகள், 2024-இல் 16, 2025-இல் 22. ஒவ்வொரு அட்டையும் களத்தில் எந்தத் தூரத்தில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்ற பட்டியல் மென்பொருளுக்குள் இருந்தாக வேண்டும். அட்டை தெரிந்த கோணத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ரோபோ தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது.

ஆட்டம் எது என்பது ஜனவரித் தொடக்கத்தில் அதை அறிவிக்கும் நாள்வரை ரகசியம். எனவே இந்தப் பட்டியலும் அன்றுதான் வெளிவர முடியும். 2025-இல் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. போட்டிக் களங்களின் சுற்றுச் சட்டம் இரண்டு வகை. ஒன்று பற்றவைத்துச் செய்தது, மற்றொன்று ஆண்டிமார்க் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டுக்கும் அளவில் சின்ன வித்தியாசம் உண்டு. சின்ன வித்தியாசம்தானே என்று விட முடியாது. கம்பத்தின் நுனியில் குழாயை மாட்ட வேண்டிய ரோபோவுக்கு அந்த இடைவெளியே வினையாகிவிடும். ஆகவே 22 அட்டைகளுக்கும் இரண்டு பட்டியல்கள் வெளியாயின. எந்த ஊர்ப் போட்டிக்குப் போகிறோம், அங்கே எந்தச் சட்டம் என்று பார்த்து மாணவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லை, பாராட்டு விழாவும் கிடையாது. வரைபடத்தைப் பார்த்து எண்களை எடுத்து, சரிபார்த்து, வெளியிட்டு, ஆவணத்தில் ஒரு பத்தி எழுதுவதுதான் வேலை. ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டும், அதுவும் அந்த வாரமே.

தன்னார்வ மென்பொருள் திட்டம் என்றால் ஆர்வம் வந்தபோது எழுதலாம், முடிந்தபோது வெளியிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மாணவர் ரோபோ உலகில் அந்தச் சலுகை கிடையாது. ஜனவரித் தொடக்கத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஆட்டம் அறிவிக்கப்படும். அன்றைக்கு மென்பொருள் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏப்ரல் மாத இறுதிப் போட்டிவரை பெரிதாக எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால், வெள்ளிக்கிழமை ஓடிய ரோபோ சனிக்கிழமை நின்றுவிடும். பழி முழுவதும் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் விழும்.

ஆக, வருடத்தில் தைரியமாகக் கை வைக்கக்கூடிய மாதங்கள் மே முதல் செப்டம்பர்வரைதான். கோடையில் எழுதி, இலையுதிர் காலத்தில் சில அணிகளிடம் பீட்டா கொடுத்துச் சோதித்து, டிசம்பரில் பூட்டிவிட வேண்டும். டிசம்பர் என்றால் கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வு, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், எல்லோருக்கும் கிறிஸ்துமஸ். வெளியீட்டுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் சரியாக விடுமுறையில் வந்து விழுகின்றன. திட்டம் போடுகிறவர் முதலில் வரைய வேண்டியது புதிய வசதிகளின் பட்டியல் அல்ல, ஆட்களின் நாட்காட்டி. யாருக்கு எந்த மாதம் தேர்வு, யார் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, யார் வேலை மாறுகிறார் என்று தெரியாமல் போடும் திட்டம் வெறும் ஆசைப் பட்டியல்தான். ஓராண்டுக்கு ஐந்து பெரிய வேலை என்று எழுதியிருந்தால் மூன்றை அடித்துவிடுவது நல்லது. யாரையும் வேலை வாங்க முடியாத இடத்தில், வாக்குறுதியைக் குறைப்பது மட்டும்தான் தலைமையின் கையில் இருக்கும் கருவி.

இன்னொரு சிக்கல் இந்தத் துறைக்கே உரியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நான்கு ஆண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அணியின் மாணவர்கள் மொத்தமாக மாறிவிடுகிறார்கள். மிக நல்ல கருவிகள் பல மாணவர்களிடமிருந்தும் அணிகளிடமிருந்தும்தான் வந்திருக்கின்றன. 2019-இல் டபிள்யூபிஐலிப் ஏற்றுக்கொண்ட 'கிரேடில்ரியோ' என்ற கருவி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து அணிப் பின்னணியிலிருந்து வந்தது. ரோபோவின் பதிவுகளை வரைபடமாக்கிக் காட்டும் 'அட்வான்டேஜ்ஸ்கோப்' மாசசூசெட்ஸின் லிட்டில்டன் ஊர் அணியுடையது. அதுவும், 'எலாஸ்டிக்' என்ற புதிய திரை மென்பொருளும் 2025 தொகுப்பில் சேர்ந்தன. ஷஃபிள்போர்டின் இடத்துக்கு வந்து நிற்பதும் எலாஸ்டிக்தான்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு பள்ளிப்பிள்ளை ஆசையாகச் செய்த கருவியை அதிகாரபூர்வத் தொகுப்பில் சேர்க்கும் நாளிலேயே, அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இரண்டு பெயர்கள். அதில் ஒருவர் மாணவர் என்றால் மற்றவர் மாணவராக இருக்கக் கூடாது. இரண்டாவது பெயர் கிடைக்காவிட்டால் சேர்க்க வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும். கடுமையாகத் தோன்றலாம். 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற கருவியில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அந்தச் சுருக்கக் கருவியை ஒருவர் தனியாளாக, ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுவதாக வந்த ஒரு முகமூடி மனிதர், நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு உள்ளே பின்வாசல் வைத்தார். அதைக் கண்டுபிடித்தது ஒரு பொறியாளரின் தற்செயலான சந்தேகம்தான். மாணவர் ரோபோவைத் தாக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது சரியாக இருக்கலாம். ஆனால் தனியாளின் களைப்பு எங்கும் ஒன்றுதான்.

எதை நிறுத்துவது என்பதும் திட்டமிடலில் சேர்ந்தது. அந்த வகையில் ஷஃபிள்போர்டை எடுப்பது நல்ல முடிவு என்றே சொல்வேன். ஆளில்லாத ஒன்றைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, இருக்கிறது என்று பாவனை செய்வதுதான் பெரிய தீங்கு. அதேபோல, பழைய நிரலை உடைக்கும் மாற்றங்களை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்காமல் 2027-க்கென்று சேர்த்துவைத்திருப்பதும் பாராட்டத்தக்கது. அந்த சீசனில் ரோபோரியோ போய், லைம்லைட் நிறுவனத்தின் 'சிஸ்டம்கோர்' என்ற புதிய கணினி வருகிறது. எப்படியும் எல்லா அணியும் எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற அந்த ஓர் ஆண்டில் வலியையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. அதற்காக இப்போது இரண்டு கிளைகளைச் சமாந்தரமாக ஓட்டுகிறார்கள். நடப்பு சீசனுக்கு ஒன்று, 2027-க்கு ஒன்று. அதே ஆட்கள், இரட்டை வேலை.

இங்கேதான் பணத்தின் பேச்சு வர வேண்டும். வந்ததும் தவறான திசையில் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சம்பளமில்லாமல் பலர் உழைக்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை டெபியன் லினக்ஸ்காரர்கள் 2006-இல் பார்த்துவிட்டார்கள். வெளியீடு தாமதமாகிறது என்று 'டங்க்-டேங்க்' என்ற பெயரில் நிதி திரட்டி, வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்குச் சிறிது காலம் ஊதியம் கொடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் என்று மற்றவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய வெளியீடு அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. தாமதத்துக்கு ஊதியம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கசப்பு உண்மை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 2014-இல் வந்தது. உலக இணையப் பரிவர்த்தனைகளின் பாதுகாப்பைத் தாங்கிய 'ஓப்பன்எஸ்எஸ்எல்' திட்டத்துக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். அதிலிருந்த 'ஹார்ட்ப்ளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பையைத் திறந்தன. வீடு பற்றிக்கொண்ட பிறகு கிடைக்கும் பணத்தைத் திட்டமிடல் என்று சொல்ல முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: ஆசையோடு செய்கிற வேலைக்குப் பணம் கேட்காதீர்கள், யாரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலைக்குக் கேளுங்கள். புதிய அல்காரிதம் எழுத ஆள் தானாக வருவார். ஒவ்வொரு மாற்றத்தையும் உண்மையான மோட்டார், உண்மையான கட்டுப்பாட்டுப் பலகையில் ஓட்டிப் பார்க்கும் சோதனை மேசையை வாங்கிவைத்து, அதன் வயர் கழன்றதா என்று பார்க்க ஆள் வர மாட்டார். ஆப்பிள் கணினியில் எச்சரிக்கை வராமல் நிறுவும்படி மென்பொருளை வெளியிட, அதை உருவாக்குபவர் ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினர் ஆக வேண்டும். அந்த உறுப்பினர் கணக்கு யாருடையது, அவர் போய்விட்டால் என்ன என்பது தொகையைவிடப் பெரிய விஷயம். அடுத்து, வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஓர் அறையில் உட்கார டிக்கெட். அதற்குப் பிறகு, பணம் மிஞ்சினால், அக்டோபர் முதல் ஜனவரிவரை பகுதிநேரமாக ஒருவர். அவர் வேலை நிரல் எழுதுவதல்ல, வரும் புகார்களைப் பிரித்து அடுக்குவது, வெளியீட்டுப் பட்டியலைச் சரிபார்ப்பது, ஆவணத்தைப் புதுப்பிப்பது. யாருக்கும் பிடிக்காத வேலைக்கு ஊதியம் கொடுத்தால் யாருக்கும் பொறாமை வராது. பதினெட்டு நிரம்பாத மாணவர்களுக்குப் பணம் என்ற பேச்சே வேண்டாம். கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டம்கூட பதினெட்டு வயதைக் கட்டாயமாக வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது நிரலில் பெயரும், பொறுமையான திருத்தமும்.

பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். தன்னார்வக் குழுவுக்குச் சட்டப்படி உருவம் கிடையாது, வங்கிக் கணக்கும் கிடையாது. அதனால் வரிவிலக்கு பெற்ற ஓர் அமைப்பின் குடையின் கீழ் நிற்பார்கள். அமெரிக்காவில் 'ஹேக் கிளப்' என்ற அமைப்பு பல ரோபோ அணிகளுக்கே இப்படி இடம் கொடுக்கிறது. வரும் பணத்தில் 7 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஏழு சதவீதமா என்று முகம் சுளிப்பவர்கள், தாங்களே ஓர் அறக்கட்டளை பதிந்து, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்து பார்க்கட்டும். ஆனால் குடையும் நிரந்தரமில்லை. 2024 பிப்ரவரியில் 'ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன்' தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தபோது, அதன் கீழிருந்த 600-க்கும் மேற்பட்ட குழுக்கள் சில மாதங்களுக்குள் வேறு இடம் தேட வேண்டி வந்தது.

சரி, கொடுக்க வேண்டியவர் யார்? தனிநபர் நன்கொடைப் பொத்தானில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை அழுத்துபவர்கள் பெரும்பாலும் வேறு தன்னார்வலர்கள்தான். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பத்து டாலர் போகிறது. இந்த மென்பொருள் இல்லாவிட்டால் யாருடைய வியாபாரம் நிற்கும் என்று பார்க்க வேண்டும். போட்டி நடத்தும் அமைப்புக்கு நிற்கும். மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் விற்கும் நிறுவனங்களுக்கு நிற்கும். நுழைவுக் கட்டணம் 6,000 டாலரில் ஒரு சதவீதம் 60 டாலர். 3,000 அணிகள் என்று குறைத்து வைத்தாலும் ஆண்டுக்கு 1,80,000 டாலர். மேலே சொன்ன அத்தனை செலவும் போக இரண்டாவது ஆளுக்கும் சம்பளம் மிஞ்சும். ஊழியர் நேரமாகவும் உபகரணமாகவும் ஃபர்ஸ்ட் ஏற்கெனவே உதவுகிறதே என்பார்கள். உதவி வேறு, விதி வேறு. உதவியை ஒரு நிதியாண்டு நெருக்கடி அடித்துக்கொண்டு போய்விடும். கட்டண ரசீதில் தனி வரியாக அச்சானதை எடுக்க யாராவது வாய் திறந்து காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டணம் ஏற்கெனவே அதிகம், கேக் விற்றுக் காசு சேர்க்கும் சிறிய ஊர்ப் பள்ளியின் தலையில் இன்னும் 60 டாலரா என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் கட்டணத்தின் மேல் அல்ல, கட்டணத்துக்குள்ளிருந்து என்கிறேன். கருவி விற்பவர்களின் பணத்தில் வேறொரு ஆபத்து உண்டு. மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான மென்பொருளில் சில வசதிகளை உரிமக் கட்டணம் வாங்கித் திறந்துவிடும் முறை இந்தப் போட்டிக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. வணிகத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுத் தொகுப்புக்குப் பணம் தருபவர், தன் மோட்டாருக்கு மட்டும் நல்ல ஆதரவு கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பணம் வாங்கலாம், வடிவமைப்புக் கூட்டத்தில் நாற்காலி போடக் கூடாது. இதை முதல் காசோலைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

நிபந்தனை இல்லாமல் கொடுப்பதற்கு முன்னுதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் 'ஃப்ளாஸ் ஃபண்ட்' தொடங்கி, உலகின் எந்த மூலையில் இருக்கும் திறந்த மூலத் திட்டத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர்வரை. தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளுக்குத் திருப்பிச் செலுத்துவதாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள். தானம் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது. பணம் கேட்பவர் தன் தேவையை ஒரு சிறிய கோப்பில் குறிப்பிட்ட வடிவத்தில் எழுதி நிரலோடு வைக்க வேண்டும் என்பதும் நல்ல ஏற்பாடு. எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுத உட்கார்ந்தால்தான் பாதித் திட்டங்களுக்குத் தங்களிடம் திட்டமே இல்லை என்பது தெரியும்.

நம் அரசுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இப்போது 10,000 பள்ளிகளைத் தொட்டுவிட்டன. ஓர் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய், அதில் பாதி உபகரணங்களுக்கு. 2025-26 பட்ஜெட்டில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் வரும் அர்டுயினோ வகைப் பலகைகள் எல்லாம் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருளில்தான் ஓடுகின்றன. அந்த அர்டுயினோவையே குவால்காம் வாங்கப்போவதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. இலவசம் நாளையும் இலவசமாக இருக்கும் என்று எந்தப் பலகையிலும் அச்சிட்டிருக்கவில்லை. புதிய ஆய்வகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 ரூபாய் என்று மென்பொருள் பராமரிப்புக்கு ஒதுக்கினால் 1 கோடி ரூபாய் வரும். பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளவும், ஆவணங்களைத் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதவும் நாலைந்து பொறியாளர்களை முழுநேரமாக வைத்துக்கொள்ள அது போதும். கொள்முதல் உத்தரவு எழுதும்போதே அந்த வரியைச் சேர்த்துவிட வேண்டும். உத்தரவு கையெழுத்தாகி வெளியே போன பிறகு ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும்.